பிராணாயாமம் முடித்த கையோடு பிபி பார்க்கலாமா?

அடுத்த கேள்வி. படித்ததும் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் பயமும் வந்தது. ஒரு ஐயா கேட்டிருக்கிறார்: "தினமும் அரை மணி நேரம் நடக்கிறேன், அப்புறம் பத்து நிமிடம் நாடி சுத்தி (மூக்கின் ஒரு பக்கம் மாற்றி ஒரு பக்கம் மூச்சு விடும் பிராணாயாமம்). முடித்த கையோடு பிபி பார்த்தால் மேல் அளவு 124தான் காட்டுகிறது. மாத்திரையை நிறுத்திவிடலாமா?"

நிறுத்தாதீர்கள் ஐயா. அந்த 124 பொய் இல்லை, ஆனால் அது அந்த நேரத்துக் கணக்கு. நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்று நிதானமாக விடும்போது ரத்தக்குழாய் தளரும், அளவு இறங்கும். நடந்து முடித்த பிறகும் சில மணி நேரம் இறங்கித்தான் இருக்கும். இரண்டும் சேர்ந்த நேரமாகப் பார்த்து மெஷினை மாட்டினால் எப்படி? சம்பள நாளன்று பர்ஸைத் திறந்துவிட்டு நாம் பணக்காரன் என்று நினைத்துக்கொள்கிற மாதிரிதான். அதுவும் மாத்திரை போட்டு வந்த 124, அதையும் மறந்துவிட்டீர்கள்.

செய்கிற வரிசை சரிதான். நடைதான் முக்கியம். பேச முடிகிற, ஆனால் பாட முடியாத வேகத்தில் வாரம் 150 நிமிடம், விடாமல் சில மாதம் நடந்தால் பிபி உள்ளவர்களுக்கு மேல் அளவு சராசரியாக 5 முதல் 8 வரை குறைகிறது. மூச்சுப் பயிற்சி அதற்குத் துணை. நாலு எண்ணி இழுங்கள், ஆறு எண்ணி விடுங்கள். விடுவது நீளமாக இருக்கட்டும் என்று எத்தனை வீடியோவில் சொல்லியிருப்பேன்! மூச்சை அடக்குவது மட்டும் வேண்டாம், வேகமாக ஊதி ஊதி மூச்சு விடும் பஸ்திரிகாவும் வேண்டாம்.

அடக்குவது என்றதும் என் மாமனார் ஞாபகம் வருகிறது. காலையில் ஒழுங்காகப் பிராணாயாமம் செய்வார், அப்புறம் 20 லிட்டர் தண்ணீர் கேனை மூச்சைப் பிடித்துக்கொண்டு, முகம் சிவக்கத் தூக்குவார். அந்த நொடியில் பிபி எங்கேயோ ஏறிப் போய்விடும். தூக்கும்போது மூச்சை விடுங்கள் என்று இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். அங்கேயும் அதே பாடம்தான் பாருங்கள், விடுவது.

சரி, நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, பிபியை எப்போது பார்ப்பது என்பதுதான். காலையில் சிறுநீர் கழித்துவிட்டு, காபிக்கும் மாத்திரைக்கும் நடைக்கும் முன்னால். முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள், போனும் வேண்டாம். கை நெஞ்சு மட்டத்தில் இருக்கட்டும். ஒரு நிமிடம் விட்டு இரண்டு முறை பாருங்கள், சாயங்காலமும் அதே மாதிரி. ஒரு வாரம் நோட்டில் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். நன்றாக வந்த நாளை மட்டும் எழுதாதீர்கள், என் மாமனார் அதையும் செய்தார்.