எதிரெதிர்க் கண்ணாடிகளின் வரிசை எங்கே முடிகிறது?

நண்பர்களே, வணக்கம். இரண்டு கண்ணாடிகளை எதிரெதிரே இணையாக வைத்தால் எத்தனை பிம்பங்கள் தெரியும் என்று கேட்டால், எல்லோரும் ஒரே குரலில் "எண்ணற்றவை" என்பீர்கள். பரீட்சைக்கு அது சரி. ஆனால் நேரில் போய் நின்று பார்த்தால் அந்த வரிசை ஓர் இடத்தில் மங்கி, பச்சையாகி, மறைந்துபோகிறது. எனக்கு முடிவிலியை விட அந்த முடிவுதான் சுவாரசியம்.

முதலில் வரிசை எப்படி வருகிறது என்று பார்ப்போம். உங்கள் முகத்திலிருந்து கிளம்பும் ஒளி முன்கண்ணாடியில் பட்டுத் திரும்புகிறது. அதில் ஒரு பங்கு உங்கள் கண்ணுக்கு வருகிறது. மீதி உங்களைத் தாண்டிப் பின்கண்ணாடிக்குப் போய், அங்கிருந்து மறுபடி முன்னால் வருகிறது. பின்கண்ணாடியைப் பொறுத்தவரை, வந்த ஒளி உண்மையான முகத்திலிருந்து வந்ததா, கண்ணாடிக்குள் இருப்பதுபோல் தோன்றும் முகத்திலிருந்து வந்ததா என்ற பேதமே கிடையாது. அதனால் ஒன்றின் பிம்பம் மற்றொன்றுக்குப் பொருளாகிவிடுகிறது. இவ்வளவுதான் சூட்சுமம்.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். கண்ணாடிகளுக்கு நடுவே 3 மீட்டர். நீங்கள் முன்கண்ணாடியிலிருந்து 1 மீட்டர் தள்ளி நிற்கிறீர்கள்; முதுகுப்பக்கம் 2 மீட்டர். முன்கண்ணாடிக்குள் பிம்பங்கள் 1, 5, 7, 11, 13 மீட்டர் ஆழத்தில் நிற்கும். இடைவெளியைக் கவனியுங்கள்: 4, 2, 4, 2. சமமாக இல்லை. முதல் பிம்பம் உங்களைப் பார்க்கிறது. இரண்டாவது முதுகைக் காட்டுகிறது. மூன்றாவது மறுபடி முகம். அதாவது முதலாவதும் இரண்டாவதும் முதுகோடு முதுகாக 4 மீட்டர் இடைவெளியில். இரண்டாவதும் மூன்றாவதும் முகத்தோடு முகமாக 2 மீட்டரில். சரியாக நடுவில் போய் நின்றால்தான் இடைவெளி ஒன்றுபோல் ஆகும்.

சட்டையின் முதுகில் ஏதாவது எழுத்து இருந்தால் இன்னொன்றையும் பார்க்கலாம். இரண்டாவது பிம்பத்தின் முதுகில் அந்த எழுத்து நேராகவே படிக்க வரும். இரண்டு முறை எதிரொளித்ததால் இடவலம் மாறி, மறுபடி மாறிச் சரியாகிவிட்டது. ஒற்றைப்படைப் பிம்பங்கள் எல்லாம் இடவலம் மாறியவை, இரட்டைப்படையில் வருபவை மாறாதவை.

சரி, வரிசை ஏன் முடிகிறது? ஒன்று, உங்கள் தலை மறைக்கிறது. கண்ணாடிகள் கச்சிதமாக இணையாக இருந்தால், உங்கள் முதல் பிம்பமே பின்னால் நிற்கும் மற்றவர்களை மறைத்துவிடும். அதற்காகக் கண்ணாடியைச் சற்றுத் திருப்பினால் வரிசை வளைந்து ஒரு வட்டத்தில் ஏறுகிறது. இரண்டுக்கும் இடையே வெறும் 1 டிகிரி கோணம் இருந்தாலே, அந்த 360-ஐ 1-ஆல் வகுத்து ஒன்று கழிக்கும் பள்ளிக்கூடச் சூத்திரப்படி, எண்ணற்றவை 359 ஆகச் சுருங்கிவிடும். 60 டிகிரி என்றால் ஐந்தே ஐந்து. டேவிட் புரூஸ்டர் 1817-இல் காப்புரிமை பெற்ற கலைடாஸ்கோப் இந்தக் கணக்கில்தான் ஓடுகிறது.

ஆனால் பெரிய காரணம், ஒவ்வொரு முறை மோதும்போதும் ஒளி கப்பம் கட்டுகிறது. ஒரு கண்ணாடி 90 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்தாவது பிம்பத்துக்கு 35 சதவீதம் மிஞ்சும். இருபதாவதற்கு 12. நாற்பத்து நான்காவதற்கு ஒரு சதவீதம்கூட இல்லை. அதிலும் எல்லா நிறத்துக்கும் ஒரே கப்பம் இல்லை. சாதாரணக் கண்ணாடியில் இரும்பின் சாயல் கொஞ்சம் இருக்கும். அதன் பின்னால் பூசிய வெள்ளியும் நீலத்தைச் சற்றுக் கூடுதலாக விழுங்கும். 510 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய பச்சைதான் மற்ற நிறங்களை விடக் கொஞ்சம் நன்றாகத் திரும்புகிறது. ஒரு தடவையில் இது கண்ணுக்குத் தெரியாது. முப்பது, நாற்பது தடவை பெருகும்போது முகமே பச்சையாகிவிடுகிறது. உங்கள் கண்ணாடி உண்மையில் என்ன நிறம் என்று தெரிய வேண்டுமானால், அதற்கு எதிரே இன்னொன்றை வைத்தாலே போதும்.

அப்புறம், அந்த நாற்பத்து நான்காவது ஆள் உங்களை விட இளையவர்! நம் கணக்கில் அவர் உங்கள் கண்ணிலிருந்து 132 மீட்டர் தொலைவில் நிற்கிறார். ஒளி அவ்வளவு தூரம் வர அரை மைக்ரோ வினாடிக்கும் சற்றுக் குறைவு. அழகுக் குறிப்பாக யாரும் இதை நம்பிவிட வேண்டாம்.

கப்பத்தைக் குறைத்தால் எவ்வளவு தூரம் போகலாம்? ஈர்ப்பலைகளை, அதாவது விண்வெளியே அதிர்வதால் வரும் அலைகளைத் தேடும் லைகோ என்ற அமெரிக்க ஆய்வகத்தில் கண்ணாடிகளுக்கு இடையே 4 கிலோமீட்டர். லேசர் ஒளி ஏறக்குறைய 300 தடவை போய்வந்து, கண்ணாடிகளை 1200 கிலோமீட்டர் தள்ளி வைத்ததுபோல் ஆகிறது. 2015 செப்டம்பரில் முதல் ஈர்ப்பலை அப்படித்தான் பிடிபட்டது. அந்தக் கண்ணாடிகள் 1064 நானோமீட்டர் என்ற ஒரே அகச்சிவப்பு ஒளிக்காகச் செய்தவை. கண்ணுக்குத் தெரியும் நிறங்கள் பெரும்பாலும் ஊடுருவிப் போய்விடும் என்பதால், அவற்றுக்கு நடுவே போய் நின்றால் உங்கள் முதல் பிம்பமே ஒழுங்காகத் தெரியாது.