தலைக்கு மேல் தொங்கும் சரம்

நேயர்களுக்கு வணக்கம்.

நுகர்வுச் சமூகம் என்றதும் மாலும் அடுக்குமாடித் துணிக்கடையும்தான் நினைவுக்கு வரும். அது நம் வீடுகளுக்குள் நுழைந்த வழி, மளிகைக் கடையில் தலைக்கு மேல் தொங்கும் ஷாம்பு பாக்கெட் சரம் என்றே நான் நினைக்கிறேன்.

ஷாம்புவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்ற முன்னோடி கடலூர் சின்னிகிருஷ்ணன். கூலிக்காரரும் ரிக்‌ஷாக்காரரும் வாங்கவேண்டும் என்பது அவர் ஆசை. அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் தனியே தொழில் தொடங்கினார். அவருடைய சிக் ஷாம்பு பட்டிதொட்டியெல்லாம் போனது. அன்றாடம் கூலி வாங்கி அன்றாடம் செலவழிக்கும் வீட்டில் பாட்டில் வாங்க முடியாது. பாக்கெட்டுக்குச் சில்லறை போதும். வேலைக்குப் போகும் வீட்டில் மணக்கும் அதே வாசம் தன் மகள் கூந்தலிலும் மணக்கவேண்டும் என்று ஒரு தாய் ஆசைப்பட்டால், அதை வீண்செலவு என்று சொல்ல எனக்கு மனம் வராது.

சின்ன அளவில் வாங்குவது நமக்குப் புதிதும் இல்லை. காப்பித்தூளைப் பழைய பேப்பரில் பொட்டலம் கட்டி, நூல் சுற்றிக் கொடுத்த அண்ணாச்சியை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அந்தச் சரக்குக்குப் பெயர் கிடையாது. தூள் சரியில்லை என்றால் சண்டை அண்ணாச்சியோடுதான். எண்ணெய்க்கு நாமே பாட்டில் கொண்டுபோனோம். சீயக்காயைக் காயவைத்து மில்லில் அரைத்தோம். பாக்கெட் வந்ததும், கடைக்காரர் முகத்தின்மேல் இருந்த நம்பிக்கை உறையில் அச்சடித்த பெயருக்குப் போய்விட்டது. "டிவியில காட்டுவாங்களே, அது குடுங்க" என்கிறது பிள்ளை. அண்ணாச்சி சரத்திலிருந்து ஒன்றைக் கிழித்துக் கொடுக்கிறார், அவ்வளவுதான். எது நல்லது என்று அவரிடம் இப்போது யார் கேட்கிறார்கள்?

உறைக்கு வருவோம். பால் கவரைப் பழைய பேப்பர்கடைக்காரர் எடைக்கு எடுப்பார். ஷாம்பு பாக்கெட்டைத் தொடமாட்டார். வெவ்வேறு படலங்களை ஒட்டிச் செய்தது அது, பிரித்தெடுப்பது பெரும்பாடு. கிழித்த மூலை நகக்கண் அளவுதான் இருக்கும், படித்துறையில் அதைப் பொறுக்க ஆள் ஏது? 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் கேரி பேக்குக்குத் தடை. மளிகைக்காரரின் பை பறிமுதலானது. சரம் மட்டும் அப்படியே தொங்குகிறது.

இது எனக்கு ஆறவில்லை. ஏனென்றால் சிக் ஷாம்பு வளர்ந்த காலத்தில் ஒரு திட்டம் இருந்தது: காலிப் பாக்கெட்டுகளைக் கடையில் கொடுத்தால் புதுப் பாக்கெட் ஒன்று இலவசம். விற்பனையைப் பெருக்கத்தான் செய்தார்கள். ஆனாலும் ஜனங்கள் காலி உறைகளைச் சேர்த்துவைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். கடைக்காரர்களும் வாங்கி வைத்தார்கள்.