வயதில் கறார், திறமையில் தாராளம்

வணக்கம், நேயர்களே.

மூத்தோர் விளையாட்டுப் போட்டிகளில் நுழைவுப் படிவங்களைச் சரிபார்க்கிற மேசை ஒன்று இருக்கும். பல வருடங்களாக அந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து வருகிறவன் நான். ஓட்டத்தையும் எறிதலையும் எல்லோரும் பார்க்கிறார்கள். இந்த மேசைக்கு முன்னால் நடப்பதைப் பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. ஆறு மாதம் விடியற்காலையில் எழுந்து பயிற்சி செய்துவிட்டு வந்தவர், விதியில் ஒரு வரியைக் கவனிக்காததால் முகம் வாடித் திரும்புவது இங்கேதான். இன்று அந்த விதிகளைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

ஒருவரை என்னால் மறக்க முடியவில்லை. 100 மீட்டர் ஓட்டத்துக்கு 60 முதல் 64 வரையிலான பிரிவில் பெயர் கொடுத்திருந்தார். போட்டி 9ஆம் தேதி தொடங்கியது. அவருடைய ஓட்டம் 12ஆம் தேதி. அவருக்கு 60 வயது நிறைந்தது 10ஆம் தேதி. "ஓடும்போது எனக்கு 60தானே சார்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் போட்டியின் முதல் நாளில் என்ன வயதோ அதுதான் கடைசி நாள் வரைக்கும் கணக்கு என்று விதி சொல்கிறது. முதல் நாளில் அவருக்கு 59. அதனால் 55 முதல் 59 வரையிலான பிரிவில், தன்னைவிட நான்கைந்து வயது குறைந்தவர்களோடு ஓடினார். நன்றாகவே ஓடினார், பதக்கம் கிடைக்கவில்லை. அவர் ஓடி முடித்த அதே நேரம் 60 பிரிவில் இரண்டாம் இடம் வாங்கிக் கொடுத்திருக்கும்.

உலக மூத்தோர் தடகளத்தில் இதுதான் முறை. 35 வயது நிறைந்தால் உள்ளே வரலாம். அங்கிருந்து ஐந்து ஐந்து வருடமாகப் பிரிவுகள், வயது போட்டியின் முதல் நாளை வைத்து. நீச்சலில் கணக்கு வேறு. மூத்தோர் நீச்சல் 25 வயதிலேயே தொடங்கிவிடுகிறது. அந்த வருடம் டிசம்பர் 31 அன்று என்ன வயதாக இருக்குமோ அதைத்தான் ஜனவரியிலேயே எடுத்துக்கொள்வார்கள். அமெரிக்காவில் 1987இல் தொடங்கிய தேசிய மூத்தோர் விளையாட்டுப் போட்டியிலும் டிசம்பர் 31தான், ஆனால் அங்கே 50 வயது ஆக வேண்டும். பாஸ்டன் மராத்தானுக்கு ஓட்டம் நடக்கும் நாளில் உள்ள வயது. ஆக, ஒரே மனிதர் ஒரே வாரத்தில் ஒரு போட்டியில் 59, இன்னொன்றில் 60. இதில் எது சரி என்று வாதாடுவதில் பயனில்லை. படிவத்தைக் கையில் எடுத்ததும் முதலில் கேட்க வேண்டியது, "எந்தத் தேதியை வைத்து வயது பார்க்கிறீர்கள்?" என்பதுதான். தகுதிச் சுற்று ஒரு வருடமும் இறுதிப் போட்டி அடுத்த வருடமும் நடந்தால், இரண்டுக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். இடையில் நீங்கள் ஒரு பிரிவு மேலே போயிருக்கலாம்.

மேலே போவது நமக்கு நல்ல செய்தி. 69 வயதில் தன் பிரிவில் மூத்தவராக இருப்பவர், 70 ஆனதும் அடுத்த பிரிவில் இளையவராகிவிடுகிறார். அந்தப் பிறந்தநாளுக்காக நாள் எண்ணிக் காத்திருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

குழுவாகச் சேரும்போது கணக்கு இன்னும் மாறும். நான்கு பேர், வயது 72, 68, 61, 59 என்று வைத்துக்கொள்வோம். தடகளத் தொடர் ஓட்டத்தில் இவர்களில் மிகவும் இளையவரின் வயதுதான் குழுவின் வயது. அதனால் 72 வயதுக்காரர் 55 பிரிவில் ஓட வேண்டியிருக்கும். அதே நால்வர் நீச்சல் தொடர் போட்டிக்குப் போனால் நான்கு வயதையும் கூட்டுவார்கள். கூட்டினால் 260. அது 240 முதல் 279 வரையிலான பிரிவு. டென்னிஸ், இறகுப்பந்து மாதிரியான இரட்டையர் ஆட்டங்களில் பெரும்பாலும் இளையவர் வயதைத்தான் பார்ப்பார்கள். நண்பரைக் கூட்டுச் சேர்த்துக்கொள்வதற்கு முன்னால் இதைப் பேசிக்கொள்ளுங்கள். பேசாமல் சேர்ந்துவிட்டு மேசைக்கு வந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றவர்கள் உண்டு.

சரி, வயதைக் காட்டச் சான்று வேண்டும். இதில் கறாராக இருக்க வேண்டும் என்பதுதான் என் கருத்து. வயதுப் பிரிவு என்பதே மூத்தோர் விளையாட்டின் அடித்தளம். 79 வயதுக்காரர் 80 பிரிவில் ஓடினால், அங்கே உண்மையாகவே 83 வயதில் ஓடுகிறவரின் இடத்தை எடுத்துக்கொள்கிறார் என்று அர்த்தம்.

ஆனால் கறார் என்றால் வலிக்கவும் செய்யும். ஃபௌஜா சிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1911இல் பஞ்சாபில் பிறந்து, பின்னாளில் இங்கிலாந்தில் குடியேறியவர். 2011இல் டொராண்டோ மராத்தானை ஓடி முடித்தார், 8 மணி நேரத்துக்கும் மேலே எடுத்துக்கொண்டு. பாஸ்போர்ட்டில் அவர் வயது 100. ஆனாலும் கின்னஸ் அதைச் சாதனையாக ஏற்கவில்லை. பிறந்தபோதே பதிவான சான்று வேண்டும் என்றார்கள். அவர் பிறந்த காலத்தில் அங்கே பிறப்பைப் பதிவு செய்யும் வழக்கமே இல்லை. இல்லாத காகிதத்தை அவர் எங்கே போய்த் தேடுவார்?

இந்த இடத்தில் இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். உலகச் சாதனை என்று ஏட்டில் எழுதுவதற்கு உறுதியான சான்று கேட்பது சரிதான். ஒரு போட்டியில் கலந்துகொள்வதற்கு அவ்வளவு தேவையில்லை. அரசு கொடுத்த அடையாள அட்டை, பாஸ்போர்ட், இவற்றில் ஒன்று போதும். சில அமைப்பாளர்கள் சாதனைக்குக் கேட்கிற சான்றை நுழைவுக்கே கேட்கிறார்கள். அப்படிக் கேட்கும்போது, பதிவேடுகள் ஒழுங்காக இல்லாத காலத்தில் பிறந்தவர்கள் வெளியே நிற்கிறார்கள். மிகவும் வயதானவர்கள்தான் அப்படி நிற்கிறார்கள், யாருக்காகப் போட்டி நடத்துகிறோமோ அவர்களே.

அடுத்தது திறமைக்கான தகுதி. இவ்வளவு நேரத்துக்குள் ஓடியிருக்க வேண்டும், முந்தைய சுற்றில் இத்தனையாவது இடம் வந்திருக்க வேண்டும் என்கிற விதிகள். இங்கே நான் தாராளத்தின் பக்கம் நிற்கிறேன்.

எல்லா இடத்திலும் தகுதி நேரம் கேட்பதில்லை என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. உலக மூத்தோர் தடகளப் போட்டி 1975இல் டொராண்டோவில் தொடங்கியது. இன்று வரைக்கும் அதற்குத் தகுதி நேரம், தகுதித் தூரம் எதுவும் கிடையாது. உங்கள் நாட்டின் மூத்தோர் தடகள அமைப்பு வழியாகப் பெயர் கொடுத்தால் போதும். 'உலக' என்ற வார்த்தையைப் பார்த்ததும் 'அது நமக்கு இல்லை' என்று ஒதுங்குகிறவர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுக்கவே இல்லை.

பாஸ்டன் மராத்தான் மறுபக்கம். அங்கே 1970இலிருந்து தகுதி கேட்கிறார்கள். வருகிறவர்கள் ஆயிரக்கணக்கில், சாலையோ ஒன்றுதான், அதனால் கேட்பதில் தப்பில்லை. ஆனால் அந்தத் தகுதி நேரமும் வயதோடு சேர்ந்து நகர்கிறது. 60 முதல் 64 வயது ஆணுக்கு 3 மணி 50 நிமிடம், பெண்ணுக்கு 4 மணி 20 நிமிடம். 80 தாண்டிய ஆணுக்கு 4 மணி 50 நிமிடம், பெண்ணுக்கு 5 மணி 20 நிமிடம். அந்த நேரத்தில் ஓடிவிட்டாலும் இடம் நிச்சயம் இல்லை, விண்ணப்பங்கள் அதிகமானால் வேகமானவர்களை முதலில் எடுப்பார்கள். இது தெரியாமல் விமான டிக்கெட் எடுத்துவிடாதீர்கள்.

கூட்டம் இருக்கும் இடத்தில் தகுதிச் சுற்று வைக்கட்டும். 60 பிரிவில் 40 பேர் வந்தால் வடிகட்டித்தான் ஆக வேண்டும். 85 பிரிவில் மூன்று பேர் வந்தால் யாரை வடிகட்டுவது? மூன்று பேர் சேராவிட்டால் அந்தப் பிரிவே கிடையாது, அல்லது கீழ்ப் பிரிவோடு சேர்த்துவிடுவோம் என்று எழுதி வைத்திருக்கும் போட்டிகள் இருக்கின்றன. எனக்குக் கோபம் வருகிற விதி இது ஒன்றுதான். 2017இல் ஆக்லாந்தில் நடந்த உலக மாஸ்டர்ஸ் போட்டியில் நம் நாட்டிலிருந்து போன 101 வயது மூதாட்டி மன் கௌர் 100 மீட்டரை 74 விநாடியில் ஓடினார். அவருடைய பிரிவில் அவர் ஒருவர்தான். மூன்று பேர் வேண்டும் என்று அங்கே யாராவது சொல்லியிருந்தால் அந்த ஓட்டமே நடந்திருக்காது. எத்தனையோ பேர் அந்த ஓட்டத்தைப் பார்த்துத்தான் வீட்டுப் படியைத் தாண்டி வெளியே வந்தார்கள்.

தகுதித் தூரம் காட்டும்போது கவனிக்க வேண்டிய ஒன்று எறிகருவியின் எடை. குண்டு எறிதலில் ஆண்களுக்கு 35 முதல் 49 வரை 7.26 கிலோ. 50களில் 6, 60களில் 5, 70களில் 4, 80க்கு மேல் 3 கிலோ. பெண்களுக்கு 49 வரை 4 கிலோ, 50 முதல் 74 வரை 3, 75க்கு மேல் 2. கருவிகளை மேசையில் வரிசையாக வைத்து ஒவ்வொன்றாகத் தராசில் ஏற்றுவோம். ஒருவர் 70 ஆன பிறகும் பழக்கத்தில் தன் பழைய 5 கிலோ குண்டைத் துணிப்பையில் சுற்றிக் கொண்டுவந்தார். "இதைத்தான் தினமும் எறிகிறேன்" என்றார். 4 கிலோ குண்டை அவர் கையில் கொடுத்தேன். உள்ளங்கையில் வைத்து ஒருமுறை உருட்டிப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது. எடை குறைவது சலுகை இல்லை. தோள்மூட்டும் முழங்கையும் தாங்க வேண்டும், அடுத்த வருடமும் எறிய வேண்டும். தடை ஓட்டத்தில் தடையின் உயரம் குறைவதும் அதற்காகத்தான். ஓட்டத் தொடக்கத்திலும், குனிந்து ஸ்டார்ட்டிங் பிளாக்கில் கால் வைத்துத்தான் கிளம்ப வேண்டும் என்ற கட்டாயம் மூத்தோருக்கு இல்லை. நின்றபடியே கிளம்பலாம்.

அப்புறம் மருந்து. ஊக்கமருந்து என்றால் இளைஞர்கள் விவகாரம் என்று நினைக்கிறோம். ரத்த அழுத்தத்துக்கு நம்மில் பலர் சாப்பிடுகிற, சிறுநீரை அதிகமாகப் பிரிக்கிற மாத்திரை தடைப் பட்டியலில் இருக்கிறது. இன்சுலின் இருக்கிறது, டெஸ்டோஸ்டிரோன் இருக்கிறது. அதற்காக மாத்திரையை நிறுத்திவிட்டு ஓட வராதீர்கள், தயவுசெய்து. மருத்துவக் காரணத்துக்காக விலக்கு அனுமதி வாங்கும் வழி இருக்கிறது. மருத்துவரிடம் மருந்துச் சீட்டைக் காட்டி, எது பட்டியலில் வருகிறது என்று கேட்டு, போட்டிக்குச் சில மாதங்கள் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். சில போட்டிகளில் உடல் தகுதிச் சான்று கேட்பார்கள், சிலவற்றில் கையெழுத்துப் போட்ட உறுதிமொழி மட்டும் போதும். கேட்காவிட்டாலும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்வது உங்களுக்குத்தான் நல்லது.

போன முறை கடைசி நாளில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். குண்டு எறிதலில் 80 முதல் 84 வரையிலான பெண்கள் பிரிவில் ஒரே ஒரு அம்மா. வயது 84. நல்லவேளை, அந்தப் போட்டியில் மூன்று பேர் விதி இல்லை. வட்டத்துக்குள் வந்து, காலை இரண்டு முறை மாற்றி வைத்துச் சரிபார்த்து, குண்டைக் கழுத்தோரம் ஒட்டி வைத்து எறிந்தார். நடுவர் டேப்பை இழுத்து, மற்றவர்களுக்கு அளந்த அதே கவனத்தோடு சென்டிமீட்டர் வரைக்கும் அளந்து சத்தமாகச் சொன்னார். எல்லா வாய்ப்பையும் முடித்துவிட்டு நேரே என் மேசைக்கு வந்தார்.

"தம்பி, அடுத்த வருஷம் எனக்கு 85. குண்டு எடை மாறுமா?"

"மாறாதும்மா. 75க்கு மேல எல்லாருக்கும் 2 கிலோதான்."

"சரி, அப்போ இதுவே போதும்" என்று சொல்லி, குண்டை முந்தானையால் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

நன்றி, நேயர்களே. வணக்கம்.