தரை வழுக்கியது: யார் பொறுப்பு?

அனைவருக்கும் வணக்கம்.

ஒருவர் வழுக்கி விழுந்தால் "போதாத காலம்" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். நீதிமன்றம் அப்படி முடிப்பதில்லை. இப்படி நடக்கும் என்று முன்பே தெரிந்திருக்க முடியுமா, தெரிந்தும் என்ன செய்தீர்கள் என்று இடத்துக்குரியவரைக் கேட்கும். விபத்தைத் தடுக்க நினைப்பவரும் இதே கேள்வியைத்தான் கேட்டுக்கொள்ள வேண்டும், முன்கூட்டியே.

ஈரத் தரையை எடுத்துக்கொள்வோம். செருப்புக்கும் தரைக்கும் நடுவே நீர் மெல்லிய படலமாக நிற்கிறது. குதிகால் ஊன்றும் நொடியில் அந்த நீர் விலகி ஓட இடமில்லாவிட்டால், பாதம் நீரின் மேலேயே சறுக்கிப் போகும். எண்ணெய் கலந்திருந்தால் படலம் இன்னும் மெதுவாக விலகும். சொரசொரப்பான ஓட்டின் நுண்ணிய மேடுகள் படலத்தைத் துளைத்துச் செருப்பைப் பிடித்துக்கொள்கின்றன. அதனால்தான் குளியலறையில் வழவழப்பான ஓடு பதித்துவிட்டு மேலே மிதியடி போடுவதை நான் தீர்வாக ஏற்பதில்லை. அடியில் பிடிப்பில்லாத மிதியடி தானே நகரும். தரையைச் சோப்பு நீரால் துடைத்து அலசாமல் விடுவதும் தவறு. காய்ந்து ஒட்டிய சோப்பு, அடுத்த முறை ஈரம் பட்டதும் வழுக்கும்.

சட்டம் எவ்வளவு எதிர்பார்க்கிறது? அந்நாளில் பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 1953-இல் தீர்த்த ஒரு வழக்கைப் பாருங்கள். பெருமழையில் தொழிற்சாலைக்குள் வெள்ளம் புகுந்து, எண்ணெய்க் கலவை தரையெங்கும் பரவியது. இருந்த மரத்தூளையெல்லாம் தூவினார்கள். சில இடங்களுக்குப் போதவில்லை. அப்படி ஓரிடத்தில் தொழிலாளி ஒருவர் வழுக்கி விழுந்தார். நியாயமாகச் செய்யக்கூடியதை நிறுவனம் செய்துவிட்டது, ஆலையையே மூட வேண்டியதில்லை என்று தீர்ப்பானது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, ஒரு கண்ணில் மட்டும் பார்வையுள்ள தொழிலாளி பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் வேலை செய்தபோது, உலோகத் துணுக்கு தெறித்து அந்தக் கண்ணும் போயிற்று. அவருடைய நிலை முதலாளிக்குத் தெரியும். மற்றவர்களுக்குக் கண்ணாடி தரும் வழக்கம் இல்லாவிட்டாலும் இவருக்குத் தந்திருக்க வேண்டும் என்றது அதே சபை.

இதை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். குழந்தையும் முதியவரும் புழங்கும் இடத்தில் உங்கள் கடமை கூடுகிறது. 60 டிகிரி செல்சியஸ் வெந்நீர் பெரியவரின் தோலையே சுமார் 5 நொடியில் ஆழமாகச் சுடும். குழந்தைக்கு அதைவிடக் குறைந்த நேரம் போதும். 50 டிகிரியில் பெரியவரின் தோல் அப்படிச் சுடச் சில நிமிடங்கள் ஆகும். ஆனால் கிருமி வளராதிருக்கத் தொட்டியில் 60 டிகிரி வேண்டும். ஆகவே குளிர்நீரைக் கலந்து சூட்டைத் தணிக்கும் வால்வைக் குழாய்க்கு அருகே பொருத்துங்கள். சுட்டுவிட்டால் ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பனிக்கட்டியும் பற்பசையும் வேண்டாம்.

படிக்கட்டில் கால் முதல் இரண்டு படிகளின் உயரத்தைப் பழகிக்கொண்டு மற்றவையும் அப்படியே இருக்கும் என்று நம்புகிறது. அதனால் சர்வதேசக் கட்டட விதித்தொகுப்பு, ஒரே படிவரிசையில் மிக உயர்ந்த படிக்கும் மிகத் தாழ்ந்த படிக்கும் 9.5 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் கூடாது என்கிறது. தரைக்குப் புதிதாக ஓடு பதிக்கும்போது கீழ்ப்படி குட்டையாகிவிடுவது அடிக்கடி நடக்கிறது. சாய்த்து வைக்கும் ஏணிக்கு ஒரு கணக்கு: 4 மீட்டர் உயரத்துக்கு அடி 1 மீட்டர் தள்ளி இருக்கட்டும்.

விழுந்தவர் பக்கமும் பார்க்கப்படும். எச்சரிக்கைப் பலகையைக் கண்டும் கைப்பேசியைப் பார்த்தபடி நடந்தவருக்கு இழப்பீட்டில் ஒரு பங்கு குறைக்கும் சட்டம் பல நாடுகளில் உண்டு. பலகை வைத்ததாலேயே இடத்துக்குரியவரின் கடமை தீர்ந்துவிடாது. அந்த நீர் எத்தனை நேரமாகக் கிடந்தது என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்ல ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும்: எந்த மணிக்குத் தரையைப் பார்த்தார்கள், யார் பார்த்தார்கள், என்ன செய்தார்கள். விழுந்தவர் தரப்பினர் அந்த இடம் காய்வதற்குள் படம் எடுத்து, கண்டவர்களின் பெயரைக் குறித்துக்கொள்ள வேண்டும்.