ஓவியத்தின் பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

நமது திருகோணமலையில் முப்பது, நாற்பது ஆண்டுகளாக வரைந்துகொண்டிருக்கும் மூத்த ஓவியர்கள் இருக்கிறார்கள். சித்திர ஆசிரியர்களாக இருந்து ஓய்வுபெற்றவர்கள், கோயில் திரைச்சீலையும் பாடசாலை மேடையும் வரைந்தவர்கள், கடைப் பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்துக்கொண்டே இரவில் தமக்காக வரைந்தவர்கள். அவர்களுடைய படங்கள் எங்கே என்று கேட்டால், அலுமாரிக்கு மேலே, கட்டிலுக்குக் கீழே, மகள் வீட்டில், வெளிநாட்டில் ஓர் உறவினரிடம் என்று பதில் வரும். அப்படிப்பட்ட ஒருவருக்குக் கண்காட்சி வைக்கத் தீர்மானித்தால் உடனே மண்டபத்தையும் பிரதம விருந்தினரையும் தேடத் தொடங்குகிறோம். அதற்கு முன் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. படங்களை எண்ணி, பதிந்து, ஒவ்வொன்றின் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்க்கவேண்டும். ஓர் ஓவியரின் வாழ்நாள் வேலை முழுவதும் ஒரே கூரையின் கீழ் சேர்வது கண்காட்சி நேரத்தில் மட்டுந்தான். அந்தச் சந்தர்ப்பத்தைத் தவறவிடக்கூடாது.

இது வீண் கவலையல்ல. யாழ்ப்பாணத்து ஓவியர் அ. மாற்கு வரைந்தவற்றில் பல போர்க்கால இடப்பெயர்வுகளில் அழிந்துபோயின. மறுபக்கம், 1943இல் கொழும்பில் தோன்றிய 43 குழுவின் ஓவியங்களை இன்றும் நாம் நேரில் பார்க்க முடிகிறது. அந்தக் குழுவைச் சேர்ந்த ஹரி பீரிஸ் தம் வீட்டிலேயே சபுமல் அறக்கட்டளையை அமைத்துப் படங்களைச் சேர்த்துவைத்தது அதற்கு ஒரு முக்கிய காரணம். நம்மிடம் அப்படி ஒரு வீடு இல்லாவிட்டாலும் ஒரு பதிவேடு இருக்கலாம்.

பதிவேட்டுக்கு ஒரு சாதாரண கொப்பி போதும். வரிசை எண், தலைப்பு, ஆண்டு, எந்த வண்ணத்தில் வரைந்தது, உயரம், அகலம், இப்போது யாரிடம் இருக்கிறது, என்ன சேதம். அளவில் உயரத்தை முதலில் எழுதுவது வழக்கம். அந்த எண்ணைப் படத்தின் பின்புறம் மரச்சட்டத்தில் மென்மையான பென்சிலால் எழுதுங்கள். துணியில் பேனாவால் எழுதினால் மை ஊறி முன்பக்கம் தெரியும். பிறகு முன்னும் பின்னுமாக இரண்டு புகைப்படங்கள். காலை வேளையில் நிழலான விறாந்தையில் படத்தை நிமிர்த்தி வைத்து, கைபேசியைப் படத்தின் நடு உயரத்துக்குக் கொண்டுவந்து, சற்றுத் தள்ளி நின்று, இரண்டு மடங்கு பெரிதாக்கி எடுங்கள். கிட்டப் போய் எடுத்தால் சட்டத்தின் விளிம்புகள் வளைந்து தெரியும். பதிவின் ஒரு பிரதி ஓவியர் வீட்டிலும் இன்னொன்று வேறு ஊரிலும் இருக்கட்டும். 2004 டிசம்பர் 26இல் கடல் நமது கரைக்கு வந்ததை நாம் மறக்கவில்லை.

இனி, பின்பக்கத்தில் என்ன பார்ப்பது? கடலோர ஊரில் ஓவியத்தின் முதல் எதிரி உப்பு. கடற்காற்றில் வரும் உப்புத்தூள் படத்தின் முன்னும் பின்னும் படிகிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலுப்பில் உள்ள மக்னீசியம் குளோரைட்டோ அதைவிடக் குறைந்த ஈரப்பதத்திலேயே நீரை இழுத்துவிடும். ஆகவே மழை படாத அறையிலும் மாரிகாலத்தில் படம் ஈரம் பிடிக்கிறது. சட்டத்தில் இரும்பாணி அடித்திருந்தால் அந்த ஈரத்தில் துருப்பிடித்து, ஆணியைச் சுற்றியுள்ள துணி பழுப்பாகி இற்றுப்போகும். துணி கிழிந்து தொங்குவது பெரும்பாலும் ஆணி வரிசையில்தான். செப்பு ஆணி அல்லது துருப்பிடிக்காத எஃகுப் பின் கொண்டு மாற்றி அடிப்பது ஒரு பிற்பகல் வேலை. கறையான் மண்ணும், புழு துளைத்த மாவும் இருக்கிறதா என்று சட்டத்தையும் தட்டிப் பாருங்கள்.

துணி தொய்ந்திருக்கிறதா என்பது அடுத்தது. நல்ல சட்டத்தின் நான்கு மூலைகளிலும் மூலைக்கு இரண்டாக எட்டு மர ஆப்புகள் இருக்கும். அவற்றை மெல்லத் தட்டினால் சட்டம் விரிந்து துணி இறுகும். நம் ஊரில் பெரும்பாலான சட்டங்களின் மூலைகளை ஆணி அடித்தே மூடிவிடுகிறார்கள். பிறகு இறுக்க வழியே இல்லை. தச்சரிடம் புதிதாகச் சொல்லும்போது மூலையை ஒட்டவேண்டாம், ஆப்புக்கு இடம் விடுங்கள், துணி தொடும் பக்கத்தின் உள்விளிம்பைச் சரிவாகச் சீவுங்கள் என்று மூன்று விடயமும் சொல்லுங்கள். சரிவு இல்லாவிட்டால் சில ஆண்டுகளில் சட்டத்தின் விளிம்பு படத்தின் முன்பக்கத்தில் ஒரு கோடாக விழும். மூன்றடிக்கு மேற்பட்ட படத்துக்கு நடுவே ஒரு குறுக்குச்சட்டமும் வேண்டும்.

பூஞ்சணம் பிடித்த படத்தை ஈரத்துணியால் துடைப்பவர்கள் அதிகம். அது பூஞ்சணத்தைப் பரப்பி ஆழமாக உள்ளே இறக்கும் வேலை. வாய் மூக்கை மூடிக்கொண்டு, வீட்டுக்கு வெளியே, நன்றாகக் காயவிட்ட பிறகு, மென்மையான தூரிகையால் தட்டி எடுக்கவேண்டும். வண்ணம் உதிர்ந்துகொண்டிருந்தால் தொடாமல் விடுவதே உத்தமம். வராமல் தடுக்க, படத்தின் பின்புறக் கீழ்மூலைகளில் இரண்டு தக்கைத் துண்டுகளை ஒட்டுங்கள். சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று ஓடும். வாடைக்காற்று மழையோடு அடிக்கும் சுவரில் படம் மாட்டவே கூடாது. தரையில் அடுக்குவதானால் ஆறு அங்குலம் உயர்த்திய பலகையில், நிமிர்த்தி வையுங்கள்.

ஆளிவிதை எண்ணெயில் குழைத்த வண்ணம் இருட்டில் கிடந்தால் மஞ்சளிக்கும். கட்டிலுக்குக் கீழே பத்து வருடம் கிடந்த படத்தைப் பார்த்து வெள்ளை போய்விட்டதே என்று மனம் உடையத் தேவையில்லை. நேர் வெயில் படாத வெளிச்சமான அறையில் சில வாரங்கள் வைத்தால் பெருமளவு திரும்பிவரும். அக்ரிலிக் படத்தின் தொல்லை வேறு. நமது வெக்கையில் அது எப்போதும் சற்று மென்மையாகவே இருக்கும். இரண்டு படங்களை முகத்தோடு முகம் வைத்துக் கட்டினால் ஒட்டிக்கொள்ளும், குமிழித்தாளின் குமிழ்கள் முகத்தில் பட்டால் வட்டவட்டமாகத் தழும்பு விழும். கேக் வேக வைக்கும் சிலிக்கன் பூசிய தாளை முதலில் போர்த்தி, குமிழ்கள் வெளிப்பக்கம் இருக்கும்படி அதன்மேல் சுற்றுங்கள்.

மண்டபத்துக்கு வருவோம். நவம்பர் முதல் ஜனவரி வரையான மாரி மாதங்களைத் தவிர்த்தால் நல்லது. படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 57 அங்குலத்தில் வரும்படி மாட்டுங்கள். கணக்கு இதுதான்: 36 அங்குல உயரமான படம் என்றால் பாதி 18, அதன் மேல்விளிம்பு 75இல் வரும். பின்னால் உள்ள கம்பியை நடுவில் மேலே இழுத்துப் பார்த்து, அது மேல்விளிம்பிலிருந்து 4 அங்குலம் கீழே நின்றால் ஆணி 71இல். இந்தக் கணக்கைப் போடாமல் கண்மட்டத்துக்கு அடித்த ஆணிகளால்தான் மண்டபச் சுவர்கள் குண்டும் குழியுமாகின்றன. சுவரில் துளைக்க அனுமதியில்லாத பாடசாலை மண்டபம் என்றால் மேலே ஒரு குழாயைக் கட்டி, மீன்பிடிக் கடையில் கிடைக்கும் தங்கூசி என்ற நைலோன் இழையில் தொங்கவிடலாம். படத்தின் நிறையைப் போல நான்கு மடங்கு தாங்கும் தங்கூசியாக எடுங்கள், ஏனென்றால் முடிச்சுப் போட்ட இடத்தில் அது பலவீனமாகும். இரண்டு பக்கமும் தனித்தனி இழை. தங்கூசி பாரத்தில் மெல்ல நீளும் என்பதால் முதல்நாள் மாலையே மாட்டி, திறப்புவிழா அன்று காலையில் மட்டம் பார்த்துச் சரிசெய்யுங்கள். படங்களுக்கான சிட்டைகள் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் இருக்கட்டும். இது எல்லோரும் வாழும் ஊர்.

மூத்த ஓவியரைப் பொன்னாடையோடு விட்டுவிடாமல் ஊர் வேலைக்கும் அழைக்கிறார்கள், மகிழ்ச்சி. பெரும்பாலும் அது சுவரோவியம். அங்கே முதலில் சுவரைத்தான் சோதிக்கவேண்டும். புதிதாகப் பூசிய சீமெந்து என்றால் 28 நாள் காயவேண்டும், இல்லாவிட்டால் அதன் காரம் வண்ணத்தைத் தின்னும். பழைய சுவர் என்றால் ஒன்றரை அடிச் சதுர பொலித்தீன் தாளை நான்கு பக்கமும் நாடாவால் ஒட்டி ஒருநாள் விடுங்கள். உட்புறம் நீர் முத்து கோத்திருந்தால் சுவருக்குள் ஈரம் இருக்கிறது, வரைய வேண்டாம். அடிப்பகுதி இரண்டு மூன்று அடிக்கு உப்புப் பூப்பது கடலோரத்தில் சாதாரணம். அந்தப் பட்டியை ஒற்றை நிறமாக விட்டு, ஓவியத்தை அதற்கு மேல் தொடங்குங்கள்.

20 அடி நீளம், 10 அடி உயரச் சுவர் 200 சதுர அடி. ஒரு லீற்றர் எமல்ஷன் ஒரு பூச்சுக்குச் சுமார் 100 சதுர அடி போகும். பிரைமருக்கு 2 லீற்றர், இரண்டு பூச்சு அடிநிறத்துக்கு 4 லீற்றர். சொரசொரப்பான சுவர் கூடுதலாகக் குடிக்கும், 5 வாங்குங்கள். கிழக்கு நோக்கிய சுவரில் பின்னேரமும் மேற்கு நோக்கியதில் காலையும் வேலை செய்யவேண்டும். சூடேறிய சுவரில் வண்ணம் பிடிக்குமுன்பே காய்ந்து பிறகு செதில் செதிலாக உரியும். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் புழுதியும் வந்து ஈர வண்ணத்தில் ஒட்டும்.

எதை வரைவது என்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. கோணேசர் மலையும் மானும் நம் சுவர்களில் போதுமான அளவு வந்துவிட்டன. அந்தத் தெருவின் மனிதர்களைக் கேளுங்கள். கரைவலை இழுப்பவர்கள் வாழும் இடமென்றால், வலையின் மடி கரையை நெருங்கும்போது எவர் எங்கே நிற்பார், கயிற்றை எப்படிச் சுருட்டுவார், பிடி இடுப்பில் விழுமா தோளில் விழுமா என்று அவர்களையே செய்துகாட்டச் சொல்லுங்கள். மூத்த ஓவியர் அதைக் கடதாசியில் வரையட்டும். ஓர் அங்குலம் ஓர் அடியாக, மேசன்மார் செய்வதுபோல் சுவரில் நூலடித்துக் கட்டம் போட்டால் பிள்ளைகளே கோடுகளைப் பெருப்பித்துவிடுவார்கள். ஒரு முறைக்கு எட்டுப் பத்துப் பிள்ளைகள், முக்கால் மணித்தியாலம். அதற்குமேல் தூரிகைகள் காய்ந்து கட்டியாகும், கவனமும் போய்விடும். பிள்ளை பூசிய இடத்தை ஓவியர் திரும்பப் பூசித் திருத்துவதை நான் ஏற்கமாட்டேன். கடைசி நாளில் வெளிக்கோடுகளை மட்டும் அவர் தம் கையால் இழுத்தால் போதும்.

முடிந்ததும் ஒவ்வொரு நிறத்திலும் கொஞ்சம் இறுக்கமாக மூடிய போத்தலில் எடுத்து, எந்தெந்த நிறம் என்ன விகிதத்தில் கலந்தது என்று அதன்மேல் எழுதிவையுங்கள். மாரி கழிந்து பெப்ரவரியில் சுவரை நல்ல தண்ணீராலும் மென்மையான தும்பாலும் கழுவி, உரிந்த இடங்களை அந்தப் போத்தல் வண்ணத்தால் தொட்டுவிடலாம். யார் அதைச் செய்வது என்று திறப்புவிழாவுக்கு முன்பே ஒரு பாடசாலையையோ சனசமூக நிலையத்தையோ பொறுப்பாக்கி, அந்தப் பெயரையும் பதிவேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

நன்றி, வணக்கம்.