இதயத்தைத் திறந்தபோது மூளைக்கு என்ன ஆனது?

நேயர்களுக்கு வணக்கம். இதய அறுவை சிகிச்சைகளுக்கு மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவர் நான். ஆபரேஷன் முடிந்து வெளியே வந்ததும் வீட்டார் என்னிடம் கேட்பது, "இதயம் நல்லா இருக்கா டாக்டர்?" என்பதுதான். அதற்கு உடனே பதில் சொல்லிவிட முடியும். என் மனதில் ஓடும் கேள்வி வேறு. மூளை எப்படி இருக்கிறது?

1953-இல் ஃபிலடெல்ஃபியாவில் ஜான் கிப்பன், இதயமும் நுரையீரலும் செய்யும் வேலையை ஆபரேஷன் நேரத்தில் வெளியிலிருந்து செய்யும் பம்ப்பான இதய நுரையீரல் இயந்திரத்தின் துணையோடு பதினெட்டு வயதுப் பெண் ஒருவரின் இதயத்தைத் திறந்து சரிசெய்தார். அந்த இயந்திரம் எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கிறது. ஆனால், பெருந்தமனியில் கிளிப் போடும்போது அதன் சுவரில் படிந்த கொழுப்புத் துணுக்கு பெயர்ந்து மூளைக்குப் போகலாம். காற்றுக்குமிழி போகலாம். ரத்த அழுத்தம் சற்று நேரம் தாழ்ந்தும் போகலாம். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தினர் பைபாஸ் செய்துகொண்ட 261 பேரைத் தொடர்ந்து கவனித்து, 2001-இல் முடிவை வெளியிட்டார்கள். வீடு திரும்பும்போது 53 சதவீதம் பேருக்கு நினைவாற்றலும் கவனமும் குறைந்திருந்தன. ஆறு மாதத்தில் அது 24 சதவீதமாக இறங்கியது.

வென்டிலேட்டரில் தூங்கிக்கொண்டிருப்பவரிடம் "கையைத் தூக்குங்க" என்று சொல்லிப் பார்க்க முடியாது. அதனால்தான் ரத்தத்தில் ஏதாவது தடயம் கிடைக்குமா என்று தேடினார்கள். மூளையின் துணைச் செல்களில் எஸ்100பி என்றொரு புரதம் இருக்கிறது. மூளை அடிபட்டால் அது ரத்தத்தில் கசியும். தொண்ணூறுகளில் இதன்மேல் பெரிய நம்பிக்கை இருந்தது. ஆனால், கண் விழித்ததும் காபி கேட்டவருக்குக்கூட ரத்தத்தில் அதன் அளவைக் காட்டும் எண் எகிறியிருந்தது!

காரணம் எங்கள் கண்ணெதிரிலேயே இருந்தது. நெஞ்செலும்பைப் பிளந்ததும் அதன் மஜ்ஜையும் சுற்றியுள்ள கொழுப்பும் ரத்தத்தில் கலக்கும். உறிஞ்சு குழாயில் ஏறும் ரத்தத்தில் எண்ணெய்த் துளிகள் மினுக்குவதை நானே பார்த்திருக்கிறேன். அந்த ரத்தம் வீணாகக் கூடாதே என்று உடம்புக்கே திருப்பி அனுப்புகிறோம். கொழுப்பிலும் மஜ்ஜையிலும் எஸ்100பி உண்டு. அந்த ரத்தத்தைத் திருப்பி அனுப்பாமல் விட்டுப் பார்த்தபோது எண் நன்றாகவே இறங்கியது. நாங்கள் அளந்ததில் பெரும்பகுதி மூளையிலிருந்து வந்ததே இல்லை.

இப்படி வெளியிலிருந்து வந்த எஸ்100பி சீக்கிரமே வடிந்துவிடும். அதனால் ஆபரேஷன் முடிந்த கையோடு எடுத்த எண்ணை நான் நம்புவதில்லை. ஒரு நாள், இரண்டு நாள் கழித்தும் இறங்காமல் நின்றால்தான் கவலைப்படுவேன். என்எஸ்இ என்ற இன்னொரு புரதத்திலும் இதே சிக்கல்தான். அது சிவப்பணுக்களிலும் இருக்கிறது, பம்ப்பில் அணுக்கள் உடைந்தாலே கூடிவிடும்.

இப்போது நியூரோஃபிலமென்ட் லைட் என்ற புரதத்தைக் கவனிக்கிறார்கள். நரம்பிழைகளின் உள்சட்டத்திலிருந்து வருவது, நாட்கணக்கில் மெதுவாக ஏறுவது. வயதானாலும், சிறுநீரகம் பழுதானாலும் இதுவும் கூடும். அதனால், ஆபரேஷனுக்கு முந்தைய நாளே ஒரு மாதிரி எடுத்து வைத்து, அப்புறம் வருவதை அதோடு ஒப்பிட வேண்டும் என்பது என் கருத்து. ஜிஎஃப்ஏபி, யுசிஎச்-எல்1 என்ற இரண்டு மூளைப் புரதங்களை அளக்கும் ரத்தப் பரிசோதனைக்கு அமெரிக்க அரசு 2018-இல் அனுமதி கொடுத்தது. ஆனால் அது தலையில் லேசாக அடிபட்டவருக்கு சி.டி. ஸ்கேன் தேவையா என்று பார்ப்பதற்காக, இதய ஆபரேஷனுக்காக அல்ல.

பைபாஸ் முடிந்த இரண்டாம் நாள், ஒருவருடைய மனைவி சிஸ்டரிடம் சொன்னார்: "இவர் எப்பவும் வலது கையாலதான் டம்ளரைப் பிடிப்பார். இன்னிக்கு இடது கையை நீட்டுறாரும்மா." உடனே ஸ்கேன் எடுத்தோம். மூளையின் இடது பக்கம் சின்னதாக ஓர் அடைப்பு.

உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த ஆபரேஷன் நடந்து, பேச்சு குழறினாலோ, வாய் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, ரவுண்ட்ஸுக்கு டாக்டர் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். அந்த நிமிடமே சிஸ்டரிடம் சொல்லுங்கள். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வணக்கம்.