சீப்பு கடதாசியை ஏன் இழுக்கிறது?

(திருகோணமலையில் உயர்தர மாணவர்களுக்கும் பெற்றோருக்குமாக ஒரு சனிக்கிழமை மாலை பேசியது. பேச்சின் ஓட்டம் கெடாமல் எழுதியிருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம். மைக் கொஞ்சம் இரைகிறது. பின்வாங்கில் இருப்பவர்களுக்குக் கேட்கிறதா? சரி.

முதலில் என்னுடைய ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நான் படிப்பிக்கத் தொடங்கிய புதிதில், ஒரு கார்த்திகை மாதம், நிலைமின்னியல் செய்முறைக்காகப் பொன்னிலை மின்காட்டியை, அதாவது மின் ஏற்றம் வந்தால் மெல்லிய பொன் இலை விரிகிற கருவியை, மேசையில் வைத்தேன். பிளாஸ்ரிக் கோலைக் கம்பளித் துணியில் தேய் தேய் என்று தேய்த்தேன். பொன்னிலை அசையவே இல்லை. முப்பது பிள்ளைகள் சுற்றி நின்று பார்க்கிறார்கள். வெளியே வாடைக்காற்றோடு மழை. கடைசியில் விரிந்த இலையைக் கரும்பலகையில் படமாகக் கீறிவிட்டு, மணி அடிக்கும்வரை சமாளித்தேன்.

அதே மின்காட்டி ஆடி மாதத்தில், கச்சான் காற்று அடித்து உதடு வெடிக்கிற நாட்களில், தேய்த்த பேனையைக் கிட்டக் கொண்டுபோனதுமே விரிந்தது. கருவியில் ஒரு பழுதும் இல்லை. மழைக்காலத்தில் கோலின் மேலும் மின்காட்டியில் மின்னைக் கடத்தாத காவலியின் மேலும் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படிகிறது. நாம் தேய்த்துச் சேர்க்கிற ஏற்றம் அதன் வழியே நழுவிப் போய்விடுகிறது. எந்தத் தவணையில் இந்தச் செய்முறையைச் செய்வது என்று பாடத்திட்டம் சொல்லாது. எங்கள் ஊரில் அதைக் காற்றுத்தான் சொல்லும்.

இன்றைக்கு நான் கதைக்க வந்தது ஒரேயொரு கேள்வி பற்றி. தரம் ஒன்பதில் ஒரு பிள்ளை கேட்டது. "சேர், தலை இழுத்த சீப்புக்கு ஏற்றம் இருக்குது, சரி. கடதாசித் துண்டுக்கு ஒன்றும் இல்லையே. பிறகு ஏன் சீப்பு அதை இழுக்குது?"

கெட்டிக்காரக் கேள்வி. ஒத்த ஏற்றங்கள் தள்ளும், ஒவ்வா ஏற்றங்கள் இழுக்கும் என்று பாடமாக்கியவர்கள் எல்லோரும் இந்த இடத்தில் தடுக்கி விழுவார்கள். ஏற்றம் இல்லாத பொருளைப் பற்றி அந்த வரி ஒன்றுமே சொல்லவில்லை. பரீட்சையில் புள்ளி கிடைக்கும், சீப்புக்குப் பதில் கிடைக்காது.

முதலில் "ஏற்றம் இல்லாத பொருள்" என்ற பேச்சையே கொஞ்சம் சந்தேகப்படுவோம். இந்தப் போத்தலில் இருந்து ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கிறேன். 18 கிராம் என்று வையுங்கள். அதற்குள் இருக்கிற இலத்திரன்களின் மறை ஏற்றத்தைக் கூட்டினால் ஏறத்தாழ 9 இலட்சத்து 65 ஆயிரம் கூலோம் வரும். கூலோம் என்பது ஏற்றத்தை அளக்கிற அலகு. அதே அளவு நேர் ஏற்றம் கருக்களில் உள்ள புரோத்தன்களிடம் இருக்கிறது. இரண்டும் அச்சொட்டாகச் சரிக்குச் சரி என்பதால் வெளியே ஒன்றும் தெரிவதில்லை. அதில் ஒரேயொரு கூலோமை மட்டும் பிரித்தெடுத்து ஒரு மீற்றர் தள்ளி வைக்க முடிந்தால், இரண்டு பக்கமும் ஒன்றையொன்று இழுக்கிற விசை 900 கோடி நியூற்றன். நிறையாகச் சொன்னால் ஒன்பது இலட்சம் தொன்னின் பாரம். நான் குடித்தது ஒரு மடக்குத்தான், பயப்படாதீர்கள்.

அப்போ ஏற்றத்தை யாரும் உண்டாக்குவதில்லை. இருக்கிறதைப் பிரிக்கிறோம், அவ்வளவுதான். உலர்ந்த தலையில் சீப்பை இழுக்கும்போது மயிரிலிருந்து கொஞ்ச இலத்திரன்கள் சீப்புக்கு மாறுகின்றன. சீப்புக்கு எவ்வளவு மறையோ, தலைக்கு அவ்வளவு நேர். தேங்காய் எண்ணெய் வைத்த தலையில் இது சரிவராது. அம்மாமார் கோபிக்க வேண்டாம், செய்முறை நாளில் மட்டும் பிள்ளையை எண்ணெய் இல்லாமல் அனுப்புங்கள். சீப்பில் சேருகிற ஏற்றம் ஒரு கூலோமில் பத்துக் கோடியில் ஒரு பங்கு என்று வைத்தால், ஆறாயிரம் கோடி இலத்திரன் மாறியிருக்கிறது. எண்ணிக்கை பெரிதாகத் தெரியும். சீப்பில் ஏற்கெனவே இருக்கிற இலத்திரன்களோடு ஒப்பிட்டால், கொட்டியாரக் குடாவில் ஒரு சிரட்டைத் தண்ணீர் ஊற்றியது மாதிரி.

நேர், மறை என்ற பெயர்கள் பெஞ்சமின் பிராங்கிளின் 1747 அளவில் வைத்தவை. தேய்த்த கண்ணாடியில் சேர்வதை நேர் என்றார். 1897 இல் ஜே. ஜே. தொம்சன் இலத்திரனைக் கண்டுபிடித்தபோது, ஓடித் திரிகிற அந்தத் துணிக்கை மறைப் பக்கத்தில் மாட்டிக்கொண்டது. மின்னோட்டம் ஒரு திசை, இலத்திரன் எதிர்த்திசை என்று நீங்கள் படுகிற பாட்டுக்குக் காரணம், பிராங்கிளின் நாணயம் சுண்டின மாதிரி வைத்த அந்தப் பெயர்கள்தான். மாற்றியிருக்கலாம், யாரும் மாற்றவில்லை.

விசையை அளந்தவர் பிரான்சு நாட்டுப் பொறியியலாளர் கூலோம். 1785 இல், மெல்லிய கம்பி முறுக்கிக்கொள்ளும் அளவை வைத்து அளந்தார். தூரம் இரண்டு மடங்கானால் விசை நாலில் ஒன்று. இது எல்லோருக்கும் தெரியும், தாண்டிப் போகிறேன்.

தாண்டக் கூடாத இடம் மின்புலம். உயர்தரப் பிள்ளைகள் பலருக்கு அது ஒரு சமன்பாடு மட்டும். விசையை ஏற்றத்தால் பிரி, விடையை எழுது, முடிந்தது. ஆனால் ஆங்கிலேய விஞ்ஞானி மைக்கல் பரடேக்கு அது கண்ணால் காண்கிற பொருள் மாதிரி இருந்தது. கொல்லன் ஒருவரின் மகன். புத்தகம் கட்டுகிற கடையில் வேலை பழகியவர். கணிதம் பெரிதாகத் தெரியாது. அதனால்தானோ என்னவோ, ஏற்றங்களுக்கு நடுவில் இருக்கிற வெளியைப் பார்த்து, அங்கே என்ன நடக்கிறது என்று கேட்டார்.

இங்கே கடலுக்குப் போகிறவர்கள் இருக்கிறீர்கள், உங்களுக்கு இது கெதியாக விளங்கும். குடாவில் ஒரு இடத்தில் வள்ளமே இல்லை என்று வையுங்கள். அந்த இடத்தில் காற்றுக்கு ஒரு திசையும் ஒரு வேகமும் இல்லையா? இருக்கிறது. வள்ளம் போனால் அது தள்ளுப்படும். போகாவிட்டாலும் காற்று அங்கேதான் நிற்கிறது. மின்புலமும் அப்படித்தான். சீப்பைச் சுற்றி ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு திசையும் ஒரு வலுவும் இருக்கின்றன, அங்கே கடதாசி இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஒரு வித்தியாசம், காற்று என்றால் ஏதோ ஒன்று நகர்கிறது. நிலைமின் புலத்தில் ஒன்றும் ஓடுவதில்லை. உவமையை அந்த மட்டில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

சரி, கணக்கு. நம்முடைய சீப்பின் ஏற்றத்தை ஒரு புள்ளியில் குவிந்ததாக எடுத்தால், 10 சென்ரிமீற்றர் தூரத்தில் புலத்தின் வலு கூலோமுக்கு 9000 நியூற்றன். 20 சென்ரிமீற்றரில் 2250. இந்த இறக்கத்தைக் கவனியுங்கள், பிள்ளையின் கேள்விக்குப் பதில் இதற்குள்தான் இருக்கிறது.

கடதாசித் துண்டு இந்தப் புலத்துக்குள் வருகிறது. அதன் இலத்திரன்கள் அணுவை விட்டு ஓட மாட்டாதவை. ஆனாலும் சீப்பின் மறை ஏற்றம் தள்ளுவதால், இருந்த இடத்திலேயே ஒரு துளி பின்னுக்குச் சாய்கின்றன. கடதாசியின் சீப்புப் பக்கம் சற்று நேராகவும் மறுபக்கம் சற்று மறையாகவும் ஆகிறது. கிட்ட இருக்கிற நேரைச் சீப்பு இழுக்கிறது, எட்ட இருக்கிற மறையைத் தள்ளுகிறது. கிட்ட இருக்கிற இடத்தில் புலம் வலுக் கூட. எனவே இழுவை வெல்கிறது. புலம் எங்கும் ஒரே அளவாக இருந்திருந்தால் இரண்டும் சமப்பட்டு, கடதாசி சும்மா கிடந்திருக்கும்.

சீப்பை மெல்ல மெல்லக் கிட்டக் கொண்டுபோய்ப் பாருங்கள். கடதாசி அசையாது, அசையாது, திடீரென்று பாயும். தூரம் குறையும்போது புலமும் கூடுகிறது, அந்தப் புலத்தால் வருகிற சாய்வும் கூடுகிறது, முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்குமான வித்தியாசமும் கூடுகிறது. மூன்றும் சேர்ந்து, சிறிய துண்டு ஒன்றுக்குத் தூரம் பாதியானால் விசை 32 மடங்காகிவிடும். கூலோமின் நாலு மடங்கு எங்கே, இது எங்கே! ஒட்டிய துண்டுகளில் சில கொஞ்ச நேரத்தில் தாமாகவே தெறித்துப் போவதையும் பார்த்திருப்பீர்கள். சீப்பிலிருந்து கொஞ்ச ஏற்றம் அவற்றுக்கும் தொற்றிவிட்டது. இப்போது ஒத்தது ஒத்ததைத் தள்ளுகிறது.

இது விளையாட்டுச் சாமான் என்று நினைத்தால் கனிய மணல் எடுக்கிற புல்மோட்டைக்குப் போக வேண்டும். இதோ, அந்தக் கரைக் கறுப்பு மணல் ஒரு போத்தலில் கொண்டுவந்திருக்கிறேன். கையில் எடுத்தால் பாரம் தெரியும், சாதாரண மணலைவிடக் கூட. கறுப்பு இல்மனைற். செங்கபிலமாக மினுங்குகிறது ரூட்டைல். அந்த வெளிறின மணிகள் சிர்கோன். பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து கழற்றிய காந்தத்தைக் கடதாசிக்குக் கீழே பிடிக்கிறேன். கறுப்பு மணிகள் காந்தத்தின் பின்னால் வருகின்றன, பார்த்தீர்களா? இல்மனைற்றைக் காந்தம் பிரித்துவிடும். ரூட்டைலும் சிர்கோனும் காந்தத்துக்கு மசியாதவை, பாரமும் கிட்டத்தட்ட ஒன்று. அவற்றை எப்படிப் பிரிப்பது? ரூட்டைல் வெள்ளைப் பெயின்ற் செய்கிற தைத்தேனியம் ஒட்சைட்டு. சிர்கோன் தரை ஓட்டுக்கும் பீங்கானுக்கும் போவது. கலந்து கிடந்தால் இரண்டுக்கும் விலை இல்லை.

அங்கேதான் நம்முடைய சீப்பு வருகிறது. புவியோடு இணைத்த ஓர் உலோக உருளை சுழல்கிறது. அதன் மேல் மணல் மெல்லிய படையாக விழுகிறது. பக்கத்தில் பல்லாயிரம் வோல்ற் கொடுத்த நுண்கம்பி. கம்பி மெல்லியது என்பதால் அதை ஒட்டிய புலம் மீற்றருக்கு 30 இலட்சம் வோல்ற்றைத் தாண்டிவிடும். அந்த அளவில் காற்றே உடைந்து ஏற்றமுள்ள துணிக்கைகளாக, அதாவது அயன்களாக மாறி, மணிகள் எல்லாவற்றுக்கும் ஏற்றத்தைத் தெளிக்கிறது. ரூட்டைல் கொஞ்சம் கடத்தும். அது வாங்கின ஏற்றத்தை உடனே உருளைக்குக் கொடுத்துவிட்டு, சுழற்சியில் தூக்கி எறியப்படுகிறது. சிர்கோன் காவலி, வாங்கியதை விடாது. அதன் ஏற்றம் உருளையில் எதிர் ஏற்றத்தைத் தன் பக்கம் வரவழைத்து, அதோடு ஒட்டிக்கொள்கிறது. சீப்பும் கடதாசியும் ஒட்டிய அதே சங்கதி. உருளை சுற்றிப் பின்பக்கம் வந்ததும் தூரிகை ஒன்று சிர்கோனைச் சுரண்டி வேறு தொட்டியில் விழுத்துகிறது. விஷயம் என்னவென்றால், மணலை முதலில் நன்றாகச் சூடாக்கி உலர்த்த வேண்டும். ஈரம் இருந்தால் எல்லா மணியும் கடத்தியாகிவிடும், பிரிப்புக் கெடும். என்னுடைய கார்த்திகை மாத மின்காட்டிக்கு வந்த அதே வருத்தம்.

சீனக்குடா எண்ணெய்க் குதங்களின் பக்கம் போகிறவர்கள், பவுசர் எண்ணெய் இறக்குமுன் ஒரு வயரைக் கவ்விப் பூட்டுவதைக் கண்டிருக்கலாம். எண்ணெய் குழாயில் உரசி ஓடும்போதும் ஏற்றம் பிரிகிறது. அது ஒரு பொறியாகப் பாய்வதற்கு முன், அந்த வயரால் அதற்கு வழி விடுகிறார்கள்.

மேகத்திலும் உரசல்தான். ஆலங்கட்டிக் குருணிகளும் பனிப்பளிங்குகளும் மோதிப் பிரிகின்றன. பாரமான குருணி மறை ஏற்றத்தோடு கீழே இறங்க, இலேசான பளிங்கு நேர் ஏற்றத்தோடு மேலே ஏறுகிறது. சீப்பில் பத்துக் கோடியில் ஒரு பங்கு கூலோம் என்றேன். ஒரு மின்னலில் இறங்குவது பல கூலோம்.

மூதூர்ப் பக்கத்து ஐயா ஒருவர் கையை உயர்த்துகிறார். கடலில் நிற்கும்போது மின்னினால் என்ன செய்வது என்று கேட்கிறார். ஐயா, மழுப்பாமல் சொல்கிறேன். தட்டையான கடலில் திறந்த வள்ளம் என்றால் உயரமான பொருள் நீங்கள்தான், அங்கே நல்ல வழி ஒன்றும் இல்லை. மின்னினதும் எண்ணத் தொடங்குங்கள். மூன்று செக்கன் ஒரு கிலோமீற்றர். முப்பதுக்குள் இடி கேட்டால் அது பத்துக் கிலோமீற்றருக்குள் வந்துவிட்டது, கரைக்குத் திருப்ப வேண்டிய நேரம் அதற்கும் முந்தியது. மாட்டிக்கொண்டால் தடியைச் சரித்துவிட்டுத் தாழக் குந்துங்கள், இயந்திரத்தைத் தொட வேண்டாம். கடைசி இடி கேட்டு அரை மணித்தியாலம் போகட்டும்.

இந்தப் பக்கம் தம்பி கேட்கிறார், பஸ்ஸுக்குள் இருந்தால் ரயர் காப்பாற்றுமா என்று. இல்லை. கிலோமீற்றர் கணக்காகக் காற்றைக் கிழித்துக்கொண்டு வந்த மின்னலுக்கு நாலு அங்குல ரப்பர் ஒரு தடையா? காப்பாற்றுவது பஸ்ஸின் உலோகக் கூடு. ஏற்றம் வெளிப்பரப்பால் ஓடும், உள்ளே இருக்கிறவரைத் தொடாது. ஓட்டோவின் துணிக்கூரை இந்தக் கணக்கில் வராது. 1836 இல் பரடே பன்னிரண்டு அடிச் சதுரக் கூடு ஒன்றைச் செய்து, வெளியை உலோகத்தால் மூடி, மின்காட்டியோடு உள்ளே போய் இருந்தார். வெளியே பொறி பறக்கப் பறக்கக் கூட்டுக்கு ஏற்றம் கொடுத்தார்கள். உள்ளே பொன்னிலை அசையவே இல்லை. அவருடையது அசையாததற்குக் காரணம் கூடு. என்னுடையதற்கு மழை.